எண்ணெய் வைக்காத கதவு

முட்டி போட முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஜெபிக்கிற நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டவே அரை நாள் ஆகிவிடும், அதற்குள் நாம் டீ குடித்துக் கலைந்துவிடலாம்.

போன மாதம் நம் சாங்வி ஏரியா வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எங்கே பார்த்தாலும் காய்ச்சலாக இருக்கிறது, நம் கட்டடத்தில் ஒவ்வொரு பிளாட்டுக்காகவும் ஜெபிப்போம் என்று. கீழ் மாடியிலிருந்து வரிசையாக ஏறிப் போனோம். நாலாவது மாடி வந்ததும் உங்களில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், "அந்த மூலை வீடு வேண்டாம், அவங்க ஒரு மாதிரி" என்றாள். நீங்கள் எல்லோரும் "ஆமாமா" என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டீர்கள். எனக்கு உள்ளங்கை சில்லிட்டுவிட்டது. பிபி ஏறிவிட்டதென்று ஒருத்தி என் கைப்பையில் மாத்திரை தேடினாள். பிபியெல்லாம் ஒன்றும் இல்லை, பயந்துபோய்விட்டேன். இந்த வயதிலும் என்னை அந்தப் பயம் விடவில்லை. எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன்.

அப்போது நாங்கள் ஆகுர்டியில் ஒரு சாலில் இருந்தோம். ஒரே ஓட்டுக்கூரை, அதன் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே நடை, நடையின் கோடியில் எல்லோருக்கும் ஒரே குழாய். அப்பாவுக்கு மோட்டார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அடுத்தடுத்த இரண்டு வீடுகள் மட்டும் நாங்கள், அதாவது எங்கள் வீடும் அப்பாவின் அக்கா வீடும். மீதி எல்லாம் மராத்திக்காரர்கள். எங்களுக்கு இந்தப் பக்கத்து வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளும் நானும் ஒரே மழைக்கோட்டுக்குள் இரண்டு தலையை நுழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அந்த மழைக்கோட்டின் ரப்பர் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. குழாயில் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. முதலில் வரிசையின் முன் வீட்டுக் கைக்குழந்தைக்கு மஞ்சள் காமாலை. மராத்தியில் காவீள் என்பார்கள். அவர்கள் வேர்த்துண்டு கோத்த மாலையைக் குழந்தை தலையில் வைத்தார்கள். மாலை இறங்க இறங்க நோயும் இறங்குமாம். அம்மா ரயில் பாதை ஓரமாகப் போய்க் கீழாநெல்லி பிடுங்கி வந்து அரைத்து ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி அதன் அப்பா ஒருவரே கையில் தூக்கிக்கொண்டு மழையில் நடந்து போனதை நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவ்வளவு சின்ன மூட்டையாக இருந்தது.

அதற்கு முந்தின நாள்தான் கடைசி வீட்டு மாவ்ஷி அந்தக் குழந்தையை மடியில் வாங்கிப் பார்த்திருந்தாள். மாவ்ஷி என்றால் சித்தி மாதிரி, எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். ஆனால் சித்தி என்று யாரும் கிட்டே போக மாட்டோம். தனியாக இருந்தாள். புருஷன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டானாம். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு கழுவுகிற வேலை. விடிந்தும் விடியாமலும் வாசலில் குந்திக்கொண்டு மிஷ்ரி என்கிற கருக்கிய புகையிலைப் பொடியைப் பல்லில் தேய்த்துக்கொண்டே இருப்பாள், அதனால் பல்லெல்லாம் கறுப்பு. பேச்சும் வெடுக்கென்று இருக்கும். அன்றைக்குக் குழந்தையின் கண்ணை விரித்துப் பார்த்தவள், "இதைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, இல்லாவிட்டால் தங்காது" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். மறுநாள் குழந்தை போய்விட்டது. சாலில் எல்லோரும் அவள் சொன்ன வாயைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அப்புறம் என் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு நான் ஒற்றையாகப் போனேன்.

எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டம் அவள் வீட்டில்தான் நடக்கும். பிம்ப்ரியிலிருந்து இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் பஸ் ஏறி வரும். அத்தை ஜெபிக்க ஆரம்பித்தால் ஓடு அதிரும். அந்த வெள்ளிக்கிழமை அவள் எகிப்து கதையைச் சொன்னாள். கதவு நிலையில் அடையாளம் போட்ட வீடுகளைத் தாண்டிப் போய், போடாத வீடுகளுக்குள் மட்டும் நுழைந்து தலைப்பிள்ளைகளைக் கொண்டுபோன சங்காரக்காரன் கதை. ஞாயிறு பள்ளியில் நாம் எல்லோரும் கேட்ட கதைதான். ஆனால் வெளியே மழை ஊற்ற, முன் வீட்டில் தொட்டில் கழற்றிய கொக்கி சும்மா தொங்க, அத்தை கையைத் தூக்கி "வந்துட்டான், நம்ம நடையில வந்து நிக்கான்!" என்றபோது எனக்கு மூத்திரமே வந்துவிட்டது. நான் எங்கள் வீட்டுத் தலைப்பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரியும் தலைப்பிள்ளை.

அதன் பிறகு ராத்திரி ஆனால் கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். நடையில் யாராவது செருப்பை இழுத்துக்கொண்டு போனால் போதும், போர்வைக்குள் போய்விடுவேன். சங்காரக்காரன் செருப்பு போடுவானா என்று அம்மாவிடம் கேட்டதற்கு, "பேசாமப் படுட்டி" என்றாள். அவளுக்கும் பயம்தான், இப்போது தெரிகிறது.

ஊரில் புதுவீடு போனால் சபை ஐயர் ஜெபம் பண்ணி நிலையில் எண்ணெய் வைப்பார் அல்லவா? இங்கே ஐயருக்கு எங்கே போவது? அத்தையே ஒரு கிரைப் வாட்டர் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் ஊற்றி, அதன்மேல் கை வைத்து ஜெபித்து வைத்திருப்பாள். வருஷா வருஷம் எங்கள் இரண்டு வீட்டு நிலைக்கும் வைப்பாள். மேலே ஒரு இழுப்பு, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எகிப்தில் வைத்த மாதிரி மூன்று. அந்தத் தடவையும் பாட்டிலை எடுத்தாள். அம்மாதான் குறுக்கே பேசினாள்.

"நம்ம ரெண்டு வீட்டுக்கு மட்டும் வச்சா எப்படி மைனி? தண்ணி எல்லாருக்கும் ஒரே குழாய்தான. அந்தப் பிள்ள மஞ்சளாக் கிடக்கத நாலு நாளாப் பாக்கேன். அதுவும் பிள்ளதான."

அத்தை பாட்டிலை அம்மா கையில் கொடுத்தாள். பிறகு, "சரி. சாலு முழுக்க வைப்போம். இந்த ஜனத்துக்காக நாமதான் நிக்கணும்" என்றாள்.

"ஒரு வார்த்த கேட்டுட்டு வைப்போமா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாவ. ஆசீர்வாதம் பண்ணுததுக்கு அனுமதி எதுக்கு?"

இந்த ஒரு பேச்சை நான் பிற்பாடு எத்தனை தடவை நினைத்திருப்பேன்! கேட்டிருந்தால் பக்கத்து வீட்டு ஆயி, என் கூட்டாளியின் அம்மா, சிரித்துக்கொண்டே வைக்கச் சொல்லியிருப்பாள். எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் முறுக்கை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தின்கிறவள் அவள்.

மறுநாள் விடியற்காலை அப்பா நைட் ஷிப்டிலிருந்து வருவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். அம்மா கையில் பாட்டில். அத்தை வாய்க்குள்ளேயே ஜெபம். நான் டார்ச் பிடித்தேன், வெளிச்சம் அதிகம் விழாதபடி கண்ணாடியைக் கையால் பொத்திக்கொண்டு. என் விரல்கள் சிவப்பாகத் தெரிந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அத்தை அந்த வீட்டுக்காரர்களைப் பற்றி ஆண்டவரிடம் சொன்னாள். இந்த வீட்டு மகனுக்கு வேலை இல்லை, இந்த வீட்டுக்காரன் குடிக்கிறான், இந்த வீட்டுப் பிள்ளை மஞ்சளாகக் கிடக்கிறது. அவளுக்கு இவ்வளவு தெரியுமா என்று எனக்கு ஆச்சரியம். அவள் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. அதை நான் சொல்லாமல் விட்டால் பாவம். பக்கத்து வீட்டு நிலையில் அம்மா எண்ணெயை இழுத்தபோது எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

கடைசி வீட்டுக்கு வந்தோம். அம்மா விரலை நனைத்துக் கையைத் தூக்கிவிட்டாள். அத்தை சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"இங்க வேண்டாம்."

"ஏன் மைனி?"

"அமாவாசைக்குத் தேங்கா சுத்திப் போடுதவ இவ. இந்த நிலையத் தொட்டா நமக்குல்லா ஒட்டிக்கிடும். வா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் டார்ச்சை அணைத்தேன். அம்மாவின் கை மெல்லக் கீழே இறங்கியது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. எல்லா வீட்டிலும் அடையாளம் இருக்கிறது, அவன் இனிமேல் நேராக மாவ்ஷி வீட்டுக்குத்தானே போவான் என்ற ஒரே நினைப்பு.

தேங்காய் எண்ணெய் மரத்தில் ஊறும். மேலே புழுதி ஒட்டும். மத்தியானத்துக்குள் ஒவ்வொரு நிலையிலும் மூன்று மூன்று கறுப்புத் தடங்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. முதலில் பார்த்தவள் குழந்தையைப் பறிகொடுத்தவள். அவள் போட்ட கூச்சலில் சாலே வெளியே வந்தது. "கரணி! கரணி!" கரணி என்றால் செய்வினை. எனக்கு அந்த வார்த்தை அதற்கு முன்னால் தெரியாது, ஆனால் அவர்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. ஒருவர் ஒருவராகத் தங்கள் கதவைப் போய்ப் பார்த்தார்கள். எங்கள் கதவையும் பார்த்தார்கள். "இந்த மதராசிகளையும் விடவில்லை" என்று எங்களுக்காகவே பரிதாபப்பட்டார்கள். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது யாரோ கடைசிக் கதவைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. சுத்தமாக இருந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து ஆண்கள் வந்ததும் விஷயம் முற்றியது. மாவ்ஷி வேலையிலிருந்து வந்து பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த சாவியைத் தட்டிவிட்டார்கள். உள்ளே புகுந்து பாத்திரங்களைத் தூக்கி மழையில் எறிந்தார்கள். பித்தளைக் குடம் ஒன்று நடையில் உருண்டு வந்து எங்கள் வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு ஆயி, என்னை மடியில் போட்டுப் பேன் பார்த்த ஆயி, மாவ்ஷியின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, "என் பெண்ணை விடு, என் பெண்ணை விட்டுவிடு!" என்று அழுதாள். முடியை வெட்டிவிட்டால் மந்திரம் பலிக்காது என்று ஒருவன் கத்திரிக்கோல் கேட்டான். மாவ்ஷி திட்டவில்லை. "நான் என்ன செய்தேன், நான் என்ன செய்தேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வெடுக்கென்று பேசுகிறவளுக்கு வேறு பேச்சே வரவில்லை.

எங்கள் வீட்டுக்குள் அப்பா கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அம்மா அதற்குள் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அப்பா சன்னலையும் அடைத்தார்.

"யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சா நம்ம சாமானத்தையும் இப்படித்தான் எறிவானுவ. பிள்ளைய வச்சிக்கிட்டு எங்க போவ?"

அத்தை முழங்காலில் விழுந்துவிட்டாள். கண்ணீர் வழிய வழிய, "ஆண்டவரே, அந்தப் பொம்பளையக் காப்பாத்தும், ஒரு தூதன அனுப்பும்" என்று கெஞ்சினாள். நானும் அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன். சங்காரக்காரன் என்றால் எப்படி இருப்பான் என்று எவ்வளவோ நினைத்திருந்தேன். அவன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். வெளியே கேட்டதோ நான் தினமும் கேட்கிற குரல்கள், எனக்குப் பால்கோவா கொடுத்த அண்ணன்கள், மாமாக்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அம்மா முழங்கால் போடவில்லை.

"மைனி, ஜெபம் பண்ணுனது போதும். எந்திரிங்க."

அத்தை கண்ணைத் திறக்கவில்லை.

"தூதன் எதுக்கு? நாம போயிச் சொன்னா விட்டுருவானுவ. எந்திரிங்க மைனி."

அத்தையின் குரல் இன்னும் உயர்ந்தது. அப்பா கதவுக்குக் குறுக்கே நின்றார். "ஏளா, உனக்குப் பைத்தியமா?" அம்மா அலமாரியிலிருந்து அந்தப் பாட்டிலை எடுத்தாள். இன்னொரு கையால் என்னைப் பிடித்தாள். அப்பா நகர்ந்துவிட்டார். ஏன் நகர்ந்தார் என்று அவர் சாகும்வரை நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு மராத்தி அரைகுறைதான். காய்கறிக்காரனிடம் பேசுகிற அளவு. கத்திரிக்கோல் வைத்திருந்தவனுக்கும் மாவ்ஷிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "மீ கேல" என்றாள். நான் செய்தேன். யாருக்கும் விளங்கவில்லை. "மீச் கேல! நான்தான்! இந்தத் தேல்தான்!" என்று கத்தினாள். பாட்டிலைக் கவிழ்த்து என் உச்சந்தலையில் ஊற்றினாள். எண்ணெய் நெற்றி வழியாக இறங்கிக் கண்ணில் விழுந்தது. தன் தலையிலும் ஊற்றித் தேய்த்துக்கொண்டாள். "விஷம் இல்ல, பிரார்த்தனா. உங்க பிள்ளைகளுக்காகப் பிரார்த்தனா. பாரு, என் பிள்ள தலையில ஊத்துறேன், பாரு!" பாதி தமிழ், பாதி இந்தி. நான் கண் எரிய எரிய அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது எங்களை அடிப்பார்கள் என்று முதுகைக் குறுக்கிக்கொண்டேன்.

யாரும் அடிக்கவில்லை. ஆயி மாவ்ஷியின் மயிரை விட்டாள். அம்மாவைப் பார்த்து, "தாயி, நீயா?" என்றாள். தாயி என்றால் அக்கா. அதற்குப் பிறகு அவள் அம்மாவை அப்படிக் கூப்பிடவே இல்லை.

எல்லோரும் கசகசவென்று பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளேதான் மாவ்ஷி எழுந்தாள். ரவிக்கைத் தோள் கிழிந்திருந்தது. அவள் எங்கள் கதவைப் பார்த்தாள், பிறகு வரிசையாக ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு வந்து தன் கதவைப் பார்த்தாள். அப்புறம் அம்மாவிடம் கேட்டாள்.

"மாஜ்யா தாராலா கா நாஹி லாவ்ல?"

என் கதவுக்கு ஏன் வைக்கவில்லை?

அம்மா எங்கள் வாசலில் கிடந்த குடத்தை எடுத்துப் போய் அவள் வாசலில் வைத்தாள்.

அன்று மாலையே எல்லா வீடுகளிலும் சோப்புப் போட்டு நிலையைத் தேய்த்தார்கள். என் பக்கத்து வீட்டுக்காரியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டாள், நல்லவேளை. ஆனால் மழைக்கோட்டுக்குள் தலையை நுழைக்க அவள் திரும்ப வரவில்லை, அவள் அம்மா விடவில்லை. நாங்கள் குழாய்க்குப் போனால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். தீபாவளிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அத்தை பிம்ப்ரிக்குப் போய் அங்கே கூட்டம் நடத்தினாள். அவள் ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்றுதான் கடைசிவரை சாட்சி சொன்னாள். தூதன் வந்தான் என்றாள். அம்மா பெயரைச் சொல்ல மாட்டாள்.

காலி பண்ணுவதற்கு முன்னால், அந்தச் சம்பவம் நடந்த மறுநாள் காலையிலேயே, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனாள். நல்ல வெளிச்சம், எல்லோரும் பார்க்கிற நேரம். பாட்டிலில் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தது. மாவ்ஷி வாசலில் குந்தி மிஷ்ரி தேய்த்துக்கொண்டிருந்தாள். நெளிந்த பித்தளைக் குடம் பக்கத்தில் இருந்தது. "மாவ்ஷி, வைக்கட்டுமா?" என்று அம்மா கேட்டாள். இந்தத் தடவை கேட்டாள். கேட்டுக்கொண்டே விரலை நனைத்தும் விட்டாள்.

மாவ்ஷி எச்சிலைத் துப்பிவிட்டு, எழுந்து, கையை நிலைக்குக் குறுக்கே நீட்டினாள்.

"நக்கோ" என்றாள். வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை, காய்கறிக்காரனிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். "சாவு வருகிறதென்று நினைத்த அன்றைக்கு என்னை விட்டுவிட்டுப் போனாய். இன்றைக்கு எதற்கு?"

அப்படி இல்லை மாவ்ஷி என்று அம்மா சொல்வாள் என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா திரும்பினாள். விரலில் எடுத்த எண்ணெயைப் பாட்டிலுக்குள் விடவும் முடியாமல், புடவையில் துடைக்கவும் மனசு வராமல், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த விரலை அப்படியே நீட்டிக்கொண்டு எங்கள் வீடுவரைக்கும் நடந்து வந்தாள்.